இரும்பும் நியூத்திரனும்: ஒரு வரலாற்று நோக்கு

லிந்துலைப் பகுதியிலுள்ள தேயிலைத் தொழிற்சாலையொன்றின் உள்ளே சென்று பார்த்தவர்கள், தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் கூடத்தில் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். காய்ந்து கறுத்த தேயிலை வழிந்து செல்லும் பாதையில் காந்தங்கள் பொருத்தப்பட்டிருக்கும். கொழுந்தை நசுக்கும் உருளைகளும் சல்லடைகளும் தேய்வதனால் உதிரும் இரும்புத் துகள்களை அக்காந்தங்கள் கவர்ந்து கொள்ளும். எம்மவர் "இஸ்டோர்" என்று வழங்கும் அக்கட்டடத்தில் என் தந்தையார் வேலை செய்த காலத்தில், காந்தத்தின் முகத்தில் மீசை போல அரும்பி நிற்கும் இரும்புத் தூளை அவர் துணியால் துடைத்தெடுப்பதைச் சிறுவனாக நின்று பார்த்திருக்கிறேன். காந்தம் கண்ட இரும்பு என்பது சைவ சித்தாந்த நூல்களிற் பயின்றுவரும் உவமை. காந்தம் இழுக்கும், இரும்பு செல்லும். அதற்குமேற் கேட்பதற்கு அதில் எதுவும் உண்டென்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

இரும்பின் உள்ளே காந்தத்தன்மை எவ்வாறு அமைந்திருக்கின்றது, அது எவ்வாறு அசைகின்றது என்பதை மனிதன் எந்தக் கருவி கொண்டு கண்டான், அக்கருவி எவர் கைகளினூடாக எம் அயலுக்கு வந்து சேர்ந்தது என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும். கலைப்பீடத்து மாணவனொருவன் பௌதிகவியலிற் புகுவது பொருந்துமோ எனச் சிலர் வினவக்கூடும். நான் கற்ற பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு விஞ்ஞானப் பிரிவு இருக்கவில்லை. ஆதலாற் கலைப்பீடம் வந்தேன். அணுவின் கணிதம் எனக்கு எட்டாது. ஆயினும் விஞ்ஞானக் கருவியும் மனிதன் செய்த பொருளே. அதனைச் செய்தவன் யார், கொடுத்தவன் யார், பெற்றவன் அதைக்கொண்டு யாது செய்தான் என்பன வரலாற்று மாணவனுக்குரிய வினாக்களேயாம்.

முதலில் இரும்பின் மீதிருந்த பழியைச் சொல்லவேண்டும். 1911ஆம் ஆண்டிலே ஒல்லாந்தின் லெய்டன் நகரில் கமர்லிங் ஒன்னஸ் என்பார் பாதரசத்தை ஏறத்தாழ 4 கெல்வின் வரை குளிரச் செய்தபோது அதன் மின்தடை முற்றாக மறைந்துபோகக் கண்டார். மீகடத்துதிறன் எனப் பின்னர் பெயர்பெற்ற இந்நிலையிலுள்ள பொருள் தன்னுள்ளே காந்தப்புலம் நுழையவொட்டாது வெளியே தள்ளிவிடும் என்பதை 1933இல் மைஸ்னர், ஒக்சன்பெல்ட் என்னும் இருவர் காட்டினர். ஏன் இவ்வாறு நிகழ்கின்றது என்பதற்கு 1957 வரை தக்க விளக்கம் கிடைக்கவில்லை. அவ்வாண்டிலே பார்டீன், கூப்பர், சிரீவர் ஆகிய மூவரும் இலத்திரன்கள் சோடி சேர்கின்றன என்றும், பளிங்கின் அணுக்களுடைய அதிர்வே அவற்றைச் சேர்த்து வைக்கும் தரகு என்றும் நிறுவினர்.

சோடி சேர்ந்த இலத்திரன்கள் இரண்டும் எதிரெதிர்க் காந்தத்தன்மை உடையவை. அருகிலே காந்தத்தன்மை வாய்ந்த அணுவொன்று இருப்பின் அது சோடியைக் குலைத்துவிடும். 1958இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பேண்ட் மத்தியாஸ் என்பாரும் அவர்தம் துணைவரும் இலந்தனம் என்னும் உலோகத்திற் காந்தத்தன்மை மிக்க கடோலினியத்தைச் சிறிதளவு கலந்தமாத்திரத்தில் மீகடத்துதிறன் நலிந்து போவதைச் செய்து காட்டினர். புதிய மீகடத்திகளைத் தேடுவோர்க்கு மத்தியாஸ் சொன்னதாக வழங்கும் அறிவுரைகளுள் ஒன்று, காந்தத்தன்மையை விட்டு விலகி நில் என்பது. (கோட்பாட்டாளரை விட்டும் விலகி நில் என்பது மற்றொன்று. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.) இவ்வாறாகக் காந்தத்தன்மைக்கே பெயர்போன இரும்பு இத்துறையில் தீண்டத்தகாத பொருளாயிற்று. 2001இல் யப்பானிய ஆய்வாளர் தூய இரும்பையும் மீகடத்தியாக்கிக் காட்டினர் என்பது உண்மையே. ஆனால் அதற்கு இரும்பை மிகப் பெரும் அமுக்கத்துக்குள்ளாக்கி, அதன் காந்தத்தன்மையை முதலிற் பறித்தெடுக்க வேண்டியிருந்தது. பழி நீங்கவில்லை.

அப்பழி நீங்கியது 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில். தோக்கியோவில் ஹிதெயோ ஹொசோனோவின் குழுவினர் மீகடத்திகளைத் தேடிப் புறப்பட்டவர்கள் அல்லர். ஒளி ஊடுருவும் குறைகடத்திகளையே அவர்கள் நெடுங்காலம் ஆராய்ந்து வந்தனர். அவ்வழியிற் செல்லுகையில், இலந்தனம், இரும்பு, ஆசனிக்கு, ஒட்சிசன் சேர்ந்த சேர்வையொன்றில் ஒட்சிசனின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் புளோரீனை இட்டபோது அது 26 கெல்வினில் மீகடத்தியாவதைக் கண்டனர். சில மாதங்களுக்குள்ளே சீன ஆய்வாளர் இலந்தனத்துக்குப் பதிலாகச் சமாரியத்தை இட்டு அவ்வெப்பநிலையை 55 கெல்வினுக்கு உயர்த்தினர். இங்கே இரும்பு அழுக்காகக் கலந்த பொருளன்று. மின்னைச் சுமந்து செல்வதே இரும்பின் படைதான். பகையென்று ஒதுக்கப்பட்டது வீட்டுத் தலைவனாக இருக்கக் கண்ட நிலை அது.

அப்படியானால் அந்த இரும்பின் காந்தத்தன்மை எங்கே போயிற்று? அடங்கிவிட்டதா, அல்லது அதுவே சோடி சேர்க்கும் தரகாக மாறிவிட்டதா? இவ்வினாவுக்கு விடையிறுக்க, பளிங்கினுள்ளே சென்று காந்தத்தை மட்டும் தொட்டுப் பார்த்து மீளும் ஒரு தூதுவன் தேவை. அத்தூதுவன் நியூத்திரன்.

நியூத்திரனை 1932இல் கேம்பிறிட்ஜிற் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் சட்விக். அதற்கு மின்னேற்றம் இல்லை. ஆதலால் அணுக்களின் மின்வேலிகளைக் கடந்து பொருளினுள்ளே ஆழமாகச் செல்லும். மின்னேற்றம் இல்லாதிருந்தும் அது தன்னளவில் ஒரு சிறு காந்தம். ஆதலால் வழியிலுள்ள காந்தங்களை உணரும். அணுவுலையில் தணிப்பானுள் மோதி மோதி வேகம் தணிந்த நியூத்திரனின் அலைநீளம் பளிங்கின் அணுக்களுக்கிடையிலுள்ள தூரத்தை ஒத்தது; அதன் சத்தியோ அவ்வணுக்களின் அசைவுகளுக்குரிய சத்தியை ஒத்தது. அளவெடுக்கும் கோலும் அளக்கப்படும் பொருளும் இவ்வளவு பொருந்தி அமைவது அரிது. நியூத்திரனைக்கொண்டு காந்தத்தை ஆராயலாம் என்று பீலிக்ஸ் புளொக் 1936இலேயே கூறிவிட்டார். ஆனால் போதிய நியூத்திரன்கள் கிடைப்பதற்கு அணுவுலைகள் வரவேண்டியிருந்தது. அணுவுலைகளோ குண்டு செய்யும் பொருட்டுப் போர்க்காலத்தில் வந்தன. ஐக்கிய அமெரிக்காவின் ஓக் றிஜ்ஜில் ஏர்னஸ்ட் வொலன், கிளிபர்ட் ஷல் ஆகியோர் போர் முடிந்தபின் அங்கிருந்த உலையை இவ்வாராய்ச்சிக்குத் திருப்பினர். 1949இல் ஷல், மங்கனீசு ஒட்சைட்டில் அயலயலேயுள்ள காந்தங்கள் மாறிமாறி எதிர்த்திசைகளில் நிற்பதை நேரிற் காட்டினார். அத்தகைய ஒழுங்கு இருத்தல் வேண்டும் என்று பிரெஞ்சு நாட்டு லூயி நெயெல் முன்னரே ஊகித்திருந்தார். கண்ணாற் கண்டது அதுவே முதன்முறை.

நிற்பதைக் காண்பது ஒன்று. அசைவதைக் காண்பது மற்றொன்று. மலைச்சரிவிற் கொழுந்து கொய்வோர் நிரை பிடித்து நிற்பதை மனத்திற் கொள்க. ஒரு நிரையிலுள்ளோர் யாவரும் மேட்டை நோக்கியும், அடுத்த நிரையிலுள்ளோர் யாவரும் பள்ளத்தை நோக்கியும் நிற்பதாக வைத்துக்கொள்வோம். இது ஒழுங்கு. இனி, ஒருவர் சிறிது திரும்புகின்றார். அவரைத் தொடர்ந்து பக்கத்தவர் திரும்ப, அத்திருப்பம் ஓர் அலையாக நிரை நெடுகச் செல்கின்றது. இது கிளர்வு. பளிங்கிலுள்ள காந்தக் கிளர்வுகளும் இத்தகையனவே. உள்ளே புகும் நியூத்திரன் அத்தகைய அலையொன்றை எழுப்பிவிட்டுத் தன் சத்தியிற் சிறிதை இழந்து, திசைமாறி வெளியே வரும். இழந்த சத்தி எவ்வளவு, மாறிய கோணம் எவ்வளவு என்று அளந்தால் அலையின் இயல்பு தெரிந்துவிடும். கனடாவின் சோக் றிவர் ஆய்வுநிலையத்தில் பேட்ரம் புறொக்கவுஸ் 1950களில் இதற்கென மூன்று அச்சுகளிற் சுழலும் கருவியொன்றை ஆக்கினார். முதற் பளிங்கு உள்ளே செல்லும் நியூத்திரனின் சத்தியைத் தெரிந்தெடுக்கும். நடுவில் ஆராயப்படும் பொருள் இருக்கும். மூன்றாவது பளிங்கு வெளிவருவதன் சத்தியைப் பிரித்தறியும். 1957இல் அவர் காந்த அலைகள் பற்றிய ஆய்வை வெளியிட்டபோது எடுத்துக்கொண்ட பொருள் மக்னற்றைற்று, அதாவது மாலுமிகள் அறிந்த பழைய காந்தக்கல். அதுவும் இரும்பின் ஒட்சைட்டே.

இக்கட்டத்திலே தமிழர் ஒருவர் இவ்வரலாற்றினுள் வருகின்றார். 1931இல் திருவனந்தபுரத்திற் பிறந்த பி. கே. ஐயங்கார் 1952இல் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திற் சேர்ந்து, 1956இல் பயிற்சிக்காகச் சோக் றிவர் சென்றார். புறொக்கவுஸுடன் சேர்ந்து ஜேர்மேனியப் பளிங்கின் அணு அதிர்வுகளை அளந்து அவர் வெளியிட்ட கட்டுரைகள் 1957, 1958ஆம் ஆண்டுகளுக்குரியவை. பளிங்குகளின் அதிர்வு பற்றிய கொள்கையைப் பரிசோதனையால் உறுதிப்படுத்திய முன்னோடி ஆய்வுகளாக அவை இன்றும் போற்றப்படுகின்றன. பளிங்கின் காந்தத்தன்மை தமிழர்க்கு முன்னமே அந்நியமான பொருளன்று என்பதையும் இங்கே சொல்லிவைத்தல் தகும்: வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் டாக்காவிலும் பின்னர் கல்கத்தாவிலும் இருந்து, பளிங்குகள் திசைக்கொரு வகையாகக் காந்தத்துக்கு இணங்குவதை நுட்பமாக அளக்கும் முறைகளை வகுத்தவர். ஆனால் கிருஷ்ணனுடைய கருவிகள் பளிங்கை வெளியேயிருந்து அளந்தன. ஐயங்கார் கற்று வந்ததோ உள்ளே செல்லும் வழி.

கற்று வந்தால் மட்டும் போதுமா? உலை வேண்டுமே. பம்பாயை அடுத்த துரொம்பேயில் அப்சரா என்னும் முதல் அணுவுலை 1956 ஆகஸ்ட் 4ஆம் நாள் இயங்கத் தொடங்கியிருந்தது, அது சிறியது. 1960 யூலையில் இயங்கத் தொடங்கிய சைரஸ் என்னும் 40 மெகாவாற்று உலையே இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற வலுவை அளித்தது. சைரஸ் வந்த வழி இலங்கை வாசகர் கருத்திற் கொள்ளவேண்டியது. 1950 சனவரியிற் கொழும்பிலே பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் கூடி ஆராய்ந்ததிற் பிறந்தது கொழும்புத் திட்டம். அத்திட்டத்தின் உதவியாகவே கனடா தன் சோக் றிவர் உலையை ஒத்த ஒன்றை இந்தியாவுக்கு வழங்கியது. கனநீரை அமெரிக்கா வழங்கியது. அதே திட்டத்தின் கீழ் அதே கனடா இலங்கைக்கும் கொடைகள் வழங்கியது. அவற்றுள் எமக்கு நன்கு அறிமுகமானவை 1950களில் வந்த டீசல் புகையிரத இயந்திரங்கள். "ஒன்டாரியோ", "அல்பேட்டா" என்று கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி அவை மலைநாட்டுப் பாதையில் ஏறி இறங்கின. தலவாக்கலை நிலையத்தில் அப்பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் எங்களிற் பலர் கனடா என்றொரு நாடு உண்டென அறிந்தோம். கொழும்பில் அக்கூட்டம் நடைபெற்ற நாட்களிலே மலையகத் தமிழருட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகியிருந்தனர் என்பதையும் வரலாற்று மாணவன் அதே பக்கத்திற் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு திட்டம் ஓரிடத்துக்கு உலையையும் ஓரிடத்துக்கு இயந்திரத்தையும் கொண்டு சென்றது. எதனை எவர் கேட்டனர் என்பதிலும், கேட்பதற்கு எவருக்கு உரிமை இருந்தது என்பதிலும் வேற்றுமை இருந்தது.

கொடையாக வந்தது உலை மட்டுமே. உலையிலிருந்து ஒழுகும் நியூத்திரனைப் பிடித்து அளக்கும் கருவிகளை ஐயங்காரும் அவர்தம் தோழரும் துரொம்பேயின் பட்டறைகளிலேயே செய்துகொண்டனர். ஆயத்தக் கருவிகளை விலைக்கு வாங்குவதை விடுத்து இவ்வாறு செய்தமையே அங்கு ஒரு பள்ளி தோன்றக் காரணமாயிற்று எனக் கருதுகின்றேன். 1960களிலே சர்வதேச அணுசக்தி நிறுவனத்தின் துணையுடன் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குத் துரொம்பே ஒரு நியூத்திரன் கருவியைக் கொடுத்து, அந்நாட்டவர்க்கும் அயல் நாட்டவர்க்கும் பயிற்சியும் அளித்தது. வாங்கியவன் பத்தாண்டுக்குள்ளே கொடுப்பவனாக மாறினான்.

இங்கே நிறுத்திக்கொண்டால் இக்கட்டுரை புகழுரையாக முடிந்துவிடும். சைரஸ் உலையிற் பிறந்தவை நியூத்திரன்கள் மட்டுமல்ல. யுரேனியக் கோல்களிலே புளூட்டோனியமும் விளைந்தது. 1974 மே 18ஆம் நாள் பொக்ரானில் இந்தியா வெடித்துப் பார்த்த கருவிக்குரிய புளூட்டோனியம் அவ்வுலையிலிருந்து எடுக்கப்பட்டதே. சமாதான நோக்கங்களுக்கு மட்டுமே பயன்படுத்தப்படும் என்ற உறுதியுடன் வழங்கப்பட்ட உலை அது. சமாதான வெடிப்பு என்று இந்தியா விளக்கம் சொன்னது. கனடா தன் அணு உதவியை நிறுத்திக்கொண்டது. அவ்வெடிப்பை நடத்திய குழுவில் ராஜா இராமண்ணாவுக்கு அடுத்துப் பேசப்படும் பெயர்களுள் ஐயங்காரின் பெயரும் உண்டு. பளிங்கின் மெல்லிய அசைவுகளை அளந்த கைதான் அதுவும். பின்னர் அவர் 1984இல் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் பணிப்பாளராகவும், 1990 முதல் 1993 வரை அணுசக்தி ஆணைக்குழுவின் தலைவராகவும் விளங்கி, 2011இற் காலமானார். அவரை விஞ்ஞானியாக வியப்போர் பொக்ரானை மறைத்துப் பேசுவதும், பொக்ரானைக் கொண்டாடுவோர் ஜேர்மேனியத்தை அறியாதிருப்பதும் வழக்கமாகிவிட்டது. ஓக் றிஜ் உலையும் குண்டுக்காகத் தோன்றி ஆராய்ச்சிக்குத் திரும்பியதே. துரொம்பேயில் வண்டி எதிர்த்திசையில் ஓடியது. இரண்டையும் ஒருசேர எழுதாத வரலாறு அரைகுறையானது.

மீண்டும் இரும்புக்கு வருவோம். ஹொசோனோவின் அறிவிப்பு வெளிவந்த சில மாதங்களுள், 2008இல், கிளாரினா டி லா குரூஸ், பெங்செங் டாய் ஆகியோரும் பிறரும் அமெரிக்க உலைகளில் அச்சேர்வையை நியூத்திரன் கொண்டு ஆராய்ந்தனர். புளோரீன் இடப்படாத தாய்ச்சேர்வை ஏறத்தாழ 155 கெல்வினிற் சற்றே வடிவம் திரிவதையும், 137 கெல்வினுக்குக் கீழே அதன் இரும்பணுக்கள் நான் மேலே நிரை உவமையாற் சொன்ன அதே ஒழுங்கில் நிற்பதையும் அவர்கள் கண்டனர்: ஒரு நிரை ஒரு திசை, அடுத்த நிரை எதிர்த்திசை. புளோரீன் இட்டதும் அவ்வொழுங்கு கலைகின்றது, மீகடத்துதிறன் தோன்றுகின்றது. ஆகவே காந்தம் போயிற்று, மீகடத்துதிறன் வந்தது என்று முடிவு கட்டிவிடலாம் போலத் தோன்றும். கிளர்வுகளை அளக்கும் முறை இல்லாதிருந்தால் அவ்வாறே முடிவு கட்டியிருப்பர்.

அதே ஆண்டின் இறுதியில் கிறிஸ்ரியன்சன், ஒஸ்போர்ன் முதலியோர் பேரியமும் பொற்றாசியமும் கலந்த இரும்பு ஆசனிக்குச் சேர்வையொன்றை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை வேறு கதை சொன்னது. 38 கெல்வினில் மீகடத்தியாகும் அப்பொருளில் நிலையான காந்த ஒழுங்கு காணப்படவில்லை. ஆனால் அது மீகடத்தியானதும், 14 மில்லி இலத்திரன்வோல்ற்றுச் சத்தியில், பழைய நிரையொழுங்குக்குரிய அதே அலைநீளத்தில், காந்தக் கிளர்வொன்று புதிதாக ஓங்கி எழுந்தது. நிரை கலைந்து அனைவரும் வீடு சென்றனர் என்று எண்ணிய மலையில், பழைய நிரையின் ஓசை இருளிற் கேட்பதை ஒக்கும் இது. 1991இற் செப்பு ஒட்சைட்டு மீகடத்தியொன்றிலும் பிரெஞ்சு ஆய்வாளர் ரொசா மின்யோ முதலியோர் இத்தகைய எழுச்சியைக் கண்டிருந்தனர். இலத்திரன் சோடியின் அலையானது உலோகத்தின் ஒரு பகுதியில் நேர்க்குறியும் மறுபகுதியில் எதிர்க்குறியும் கொள்ளுமாயின் இவ்வெழுச்சி தோன்றும் என்பது கொள்கை. காந்தக் கிளர்வுகளே தரகாக இருப்பின் சோடி அவ்வடிவைத்தான் கொள்ளும் என்று மாசின் முதலியோர் 2008இலேயே கணித்திருந்தனர். அடுத்த ஆண்டு, கல்சியத்தைக் கொண்ட தாய்ச்சேர்வையில் காந்த அலைகள் 200 மில்லி இலத்திரன்வோல்ற்று வரை உயர்வது அளக்கப்பட்டது. அவ்வாய்வும் மேற்சொன்ன 14இன் ஆய்வும் நிகழ்ந்த இடம் பிரித்தானியாவிலுள்ள ஐசிஸ். அங்கே அணுவுலை இல்லை. புரோத்தன்களைக் கன உலோகத்தில் மோதச்செய்து நியூத்திரன்களைச் சிதறடிக்கின்றனர். புளூட்டோனியத்துக்காகப் பிறந்த வழியன்று அது.

எனினும் வழக்கு முடிந்துவிடவில்லை. காந்தக் கிளர்வே தரகு எனப் பலர் கொள்வர். இலத்திரன் ஒழுக்குகளின் ஏற்றத்தாழ்வே மூலம் என்பார் சிலர். தாய்வானில் 2008இலே கண்டறியப்பட்ட இரும்பு செலனைட்டு, காந்த ஒழுங்கு எதுவும் கொள்ளாமலே ஏறத்தாழ 8 கெல்வினில் மீகடத்தியாகி இரு சாராரையும் திகைக்க வைத்திருக்கின்றது.

துரொம்பேயின் வழித்தோன்றல்களும் இதில் இருந்தனர். கல்சிய இரும்பு ஆசனிக்குப் பளிங்கின் அணு அதிர்வுகளை நியூத்திரன் கொண்டு அளந்த கட்டுரையொன்றை 2009இல் மித்தல், சப்லொட் முதலியோர் வெளியிட்டனர். ஜேர்மேனியத்தில் ஐயங்கார் செய்த அதே வகை வேலை, அரை நூற்றாண்டுக்குப் பின். ஆசிரியர் வரிசையில் டாட்டா நிறுவனத்தைச் சேர்ந்த தமிழவேள் என்னும் பெயரைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. பளிங்கு வளர்ப்பது அவர் துறை. கல்பாக்கத்தில் இரும்பின் ஒரு பகுதிக்குப் பதிலாக உருத்தேனியத்தை இட்டு மீகடத்தியாக்கிய ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஆனால் மேற்சொன்ன பளிங்கை அளப்பதற்குத் துரொம்பேயினர் பிரான்சின் சக்ளே உலைக்கு அதனைக் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. கருவியைத் தாமே செய்த மரபுக்கு உரியோரும் பிறர் வாசலில் முறை பார்த்து நிற்கும் காலம் வந்துவிட்டது. அந்தச் சக்ளே உலையும் 2019இல் மூடப்பட்டது.

புறொக்கவுஸுக்கும் ஷல்லுக்கும் நோபெல் பரிசு 1994இற் கிடைத்தது. வொலன் அதற்குப் பத்தாண்டுக்கு முன்னரே இறந்துவிட்டார். சைரஸ் உலை 2010 டிசம்பர் 31ஆம் நாள் நிறுத்தப்பட்டது. இலங்கையில் ஆய்வு அணுவுலை இன்றுவரை இல்லை. கனடா கொடுத்த இயந்திரங்களோ ஐம்பதாண்டுகளுக்கு மேலாகியும் ஓடின. விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது, தூளிலிருந்து பிரித்தெடுக்கும் இரும்பை என்ன செய்வீர்கள் என்று தந்தையாரிடம் கேட்டேன். வெளியே கொட்டிவிடுவோம் என்றார்.